ஒரு வரிசை தள்ளிப்போன பட்டியல்: டியூக் கீமோதெரபி கணிப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

ஏன் இந்த நிகழ்வு

மருத்துவத் தரவுகளில் டேட்டா மைனிங் பழகும் முதுகலை மாணவர்களும் ஆராய்ச்சி மாணவர்களும் படிப்பு முடிவதற்குள் ஒருமுறையாவது முழுசாக அலசிப் பார்க்க வேண்டிய நிகழ்வு இது. அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் 2006 முதல் 2010 வரை நடந்தது. புற்றுநோயாளியின் கட்டியில் எந்தெந்த ஜீன்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று பார்த்து, எந்த கீமோதெரபி மருந்து அவருக்குப் பலன் தரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று அங்கிருந்த ஆய்வுக் குழு ஒன்று அறிவித்தது. அந்தக் கணிப்பை நம்பி உண்மையான நோயாளிகளுக்கு மருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. பிறகு அந்தக் கணிப்புக்கு அடிப்படையே இல்லை என்று தெரியவந்தது.

இதை ஒரு மோசடிக் கதையாகச் சொல்வதுதான் வழக்கம். தரவு திருத்தப்பட்டிருந்தது உண்மை, அரசு விசாரணையும் அதை உறுதி செய்தது. ஆனால் மாணவர்களுக்கு அதைவிட முக்கியமான பகுதி ஒன்று இருக்கிறது. இங்கே நடந்த பிழைகளில் பலவற்றை அக்கறையுள்ள ஒரு மாணவரே கண்டுபிடித்துவிட முடியும். ஒரு மாணவர் கண்டுபிடிக்கவும் செய்தார், எழுதியும் கொடுத்தார். அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வேலை அப்படியே தொடர்ந்தது. அது எப்படி நடந்தது என்பதைத்தான் இங்கே வரிசையாகப் பார்க்கப் போகிறோம்.

சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் பொதுவெளியில் இருப்பவைதான். இருந்தாலும் அவர்கள் வகித்த பொறுப்பைச் சொல்லியே குறிப்பிடுகிறேன். நம் கவனம் வேலை நடந்த விதத்தில் இருக்க வேண்டும்.

பின்னணி

ஒரே வகைப் புற்றுநோய், ஒரே கட்டம், ஒரே மருந்து. அப்படியிருந்தும் ஒருவருக்குக் கட்டி சுருங்குகிறது, அடுத்தவருக்குச் சுருங்குவதில்லை. சுருங்காதவர் முடி கொட்டுவது, வாந்தி, ரத்த அணுக்கள் குறைவது என்று எல்லாப் பக்கவிளைவுகளையும் தாங்கிக்கொண்டு, கையில் இருக்கும் கொஞ்ச காலத்தையும் வீணாக இழக்கிறார். எந்த மருந்து யாருக்கு என்று முதலிலேயே தெரிந்தால் அதைவிடப் பெரிய உதவி கிடையாது. அந்தக் குழு எடுத்துக்கொண்ட கேள்வி நல்ல கேள்வி. அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

பதில் தேட அவர்கள் பயன்படுத்தியதும் எல்லோருக்கும் கிடைக்கும் பொருள்தான். அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1980களின் இறுதியிலிருந்து அறுபது மனிதப் புற்றுநோய் செல் லைன்களை, அதாவது கட்டிகளிலிருந்து எடுத்துத் தொடர்ந்து பெருகவிடும் செல் வகைகளை, ஆய்வகத்தில் வளர்த்து, ஏராளமான வேதிப்பொருள்களை அவற்றின் மீது சோதித்து வருகிறது. எந்த மருந்துக்கு எந்தச் செல் லைன் கட்டுப்படுகிறது, எது தாக்குப்பிடிக்கிறது என்ற அளவுகள் பொதுவில் கிடைக்கின்றன. அதே செல் லைன்களின் மைக்ரோஅரே அளவுகளும், அதாவது ஆயிரக்கணக்கான ஜீன்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று ஒரே சிப்பில் அளந்த எண்களும், கிடைக்கின்றன. அந்தச் சிப்பில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட புரோப் தொகுதிகள் உண்டு, ஒவ்வொன்றும் ஒரு ஜீனை அளப்பது. அதாவது தரவு அட்டவணையில் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் வரிசைகள் இருக்கும், பத்திகளோ அறுபதுதான்.

குழுவின் செய்முறை சுருக்கமாக இப்படி. ஒரு மருந்தை எடுத்துக்கொள்வது. அதற்கு நன்றாகக் கட்டுப்படும் செல் லைன்கள் சிலவற்றையும், கொஞ்சமும் கட்டுப்படாத சிலவற்றையும் பிரித்து வைப்பது. இரண்டு கூட்டத்துக்கும் இடையில் அதிக வித்தியாசம் காட்டும் ஜீன்களைப் பொறுக்குவது. அவற்றின் அளவுகளை மெட்டாஜீன் என்ற ஒன்றிரண்டு எண்களாகச் சுருக்குவது. அதை வைத்து ஒரு மாடல் கட்டி, நோயாளியின் கட்டியை அதில் போட்டு, இந்த மருந்து பலிக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்வது. 2006 இறுதியில் நேச்சர் மெடிசின் இதழில் இது வெளியானது. மருத்துவ உலகம் கொண்டாடியது. பல ஆண்டுகளாகக் காத்திருந்த தனிநபர் சிகிச்சை கைக்கு எட்டிவிட்டது என்ற எதிர்பார்ப்பு எங்கும் இருந்தது.

இந்த இடத்தில் மாணவர்கள் ஒரு விஷயத்தை மனதில் வைக்க வேண்டும். மாதிரிகள் (அளக்கப்பட்ட கட்டிகள் அல்லது செல் லைன்கள்) கொஞ்சமாகவும் ஜீன்கள் ஆயிரக்கணக்கிலும் இருந்தால் என்ன ஆகும் என்பது அப்போது தெரியாத விஷயம் இல்லை. 2003இலேயே தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் புள்ளியியலாளர்கள் வெறும் இரைச்சலை, அதாவது அர்த்தமே இல்லாத எண்களைக் கணினியில் உருவாக்கி, 20 மாதிரி, 6000 ஜீன் என்ற அளவில் சோதித்துக் காட்டியிருந்தார்கள். ஜீன்களை முதலில் எல்லா மாதிரிகளையும் வைத்துத் தேர்ந்தெடுத்துவிட்டு அப்புறம் கிராஸ் வேலிடேஷன் (சில மாதிரிகளை ஒதுக்கி வைத்து, மீதியில் கட்டிய மாடலை அவற்றில் சோதிப்பது) செய்தால், பத்தில் ஒன்பது முறைக்குக் குறையாமல் ஒரு பிழைகூட இல்லாத மாடல் கிடைத்தது. ஜீன் தேர்வு கிராஸ் வேலிடேஷனுக்கு உள்ளே நடக்க வேண்டும் என்ற பாடம் அங்கிருந்துதான் எல்லா வகுப்புக்கும் வந்தது. இவ்வளவு எளிதில் வெற்றி தெரியும் துறையில், கிடைத்த வெற்றியைச் சந்தேகிப்பது வேலையின் ஒரு பகுதி.

ஹூஸ்டனில் கண்டது

டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் மருத்துவர்களும் இந்த முறையைத் தங்கள் நோயாளிகளுக்குப் பயன்படுத்த விரும்பினார்கள். தங்கள் மையத்துப் புள்ளியியலாளர்கள் இருவரிடம் போய், இதை நமக்கும் செய்து கொடுங்கள் என்று கேட்டார்கள். அந்த இருவரும் குறை கண்டுபிடிக்க உட்காரவில்லை. செய்முறையைக் கற்றுக்கொண்டு தங்கள் மையத்தில் அமைக்கத்தான் முயன்றார்கள். கட்டுரையில் சொன்னபடி செய்தார்கள், சொன்ன பட்டியல் வரவில்லை.

ஃப்ளூரோயுராசில் என்ற மருந்துக்கான ஜீன் பட்டியலை எடுத்து, கட்டுரையில் இருந்ததையும் தாங்கள் கணக்கிட்டதையும் புரோப் எண் வரிசைப்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கட்டுரையில் 1881, இவர்களுக்கு 1882. கட்டுரையில் 31321, இவர்களுக்கு 31322. கட்டுரையில் 31725, இவர்களுக்கு 31726. கட்டுரையில் 32307, இவர்களுக்கு 32308. கீழே போகப் போக இதே கதைதான். கணக்கு சரியாகவே நடந்திருக்கிறது. ஆனால் வந்த விடைக்கு எதிரே பெயர் எழுதும்போது ஒரு வரிசை தள்ளிப்போய்விட்டது.

இது எப்படி நேரும் என்பது அட்டவணையோடு வேலை செய்த யாருக்கும் புரியும். அளவுகள் இருக்கும் கோப்பில் தலைப்பு வரிசை இல்லை, ஜீன் பெயர்கள் இருக்கும் கோப்பில் தலைப்பு வரிசை இருக்கிறது. நிரல் நூறாவது வரிசை என்று சொன்னால் ஒரு கோப்பில் அது ஒரு ஜீன், இன்னொரு கோப்பில் அதற்கு முந்தையது. கணினி எந்த எச்சரிக்கையும் தராது. மாடலின் துல்லியமும் குறையாது, ஏனென்றால் மாடலுக்குப் பெயர்கள் தேவையே இல்லை, எண்கள் போதும். பெயர் தேவைப்படுவது மனிதருக்குத்தான். அந்தப் பெயர்களை நம்பி இந்த ஜீன் ஏன் இந்த மருந்தோடு சம்பந்தப்படுகிறது என்று ஒரு உயிரியல் விளக்கம் எழுதினால், அந்த விளக்கம் சம்பந்தமே இல்லாத ஜீனைப் பற்றியதாக இருக்கும்.

இதைவிடக் கவலை தந்தவை வேறு சில. அதே குழு 2007இல் வெளியிட்ட இன்னொரு கட்டுரையில், சிஸ்பிளாட்டின் மருந்துக்கான பட்டியலில் ஒரு வரிசை தள்ளிப் பார்த்தாலும் நான்கு புரோப்கள் மட்டும் பொருந்தவில்லை. டி.என்.ஏ. பழுதைச் சரிசெய்யும் ஜீன்களுக்கு உரியவை அவை. சிஸ்பிளாட்டின் ஏன் சிலருக்கு வேலை செய்வதில்லை என்பதற்கு மருத்துவர்கள் உடனே ஒப்புக்கொள்ளக்கூடிய விளக்கம் தருபவையும் அவைதான். அந்தக் கட்டுரையும் அவற்றைத்தான் முன்னிறுத்திப் பேசியது. ஆனால் குழு பயன்படுத்திய மென்பொருள் அவற்றைப் பட்டியலில் தரவில்லை. போதாததற்கு, அவற்றில் இரண்டு புரோப்கள் ஆய்வில் பயன்படுத்திய சிப்பிலேயே கிடையாது. இன்னொரு வகைச் சிப்பில் இருப்பவை. அளக்கவே முடியாத ஒன்று அளவிடப்பட்டதாக அச்சில் வந்திருக்கிறது.

அப்புறம் லேபிள்கள். கட்டுப்படும், கட்டுப்படாது என்ற இரண்டு நிலைகளையும் 0, 1 என்று குறிப்பார்கள். எது 0, எது 1 என்பது கோப்புக்குக் கோப்பு மாறினால் முழுக் கணிப்பும் தலைகீழாகிவிடும். சில மருந்துகளுக்கு அப்படித்தான் ஆகியிருந்தது. டாக்ஸோரூபிசின் மருந்தின் சோதனைத் தரவில் சில மாதிரிகள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை இடம்பெற்றிருந்தன. அதிலும் ஒரு மாதிரியே ஓரிடத்தில் பலன் கிடைத்தது என்றும், வேறோரிடத்தில் கிடைக்கவில்லை என்றும் குறிக்கப்பட்டிருந்தது.

லேபிள் தலைகீழானால் என்ன அர்த்தம் என்பதை நோயாளி பக்கமிருந்து யோசித்துப் பார்க்க வேண்டும். இந்த மருந்து இவருக்கு வேலை செய்யும் என்று கணிப்பு சொன்னால், உண்மையில் வேலை செய்யாத மருந்துதான் அவர் உடம்பில் ஏறும். நாணயம் சுண்டி மருந்து கொடுத்தால்கூடப் பாதிப் பேருக்காவது சரியாகப் போகும். தலைகீழான மாடல் அதைவிட மோசம்.

2007 நவம்பரில் இவர்களுடைய கடிதம் அதே இதழில் வெளியானது. கூடவே டியூக் குழுவின் பதிலும் வந்தது. எங்களுக்குச் சரியாகத்தான் வருகிறது, முறையை நீங்கள் நாங்கள் செய்தபடி செய்யவில்லை என்பதே அதன் சாரம். படிப்பவருக்கு அது இரண்டு நிபுணர் குழுக்களுக்கு இடையிலான கருத்து வேறுபாடாகத் தெரிந்தது. ஒருபக்கம் கொண்டாடப்பட்ட கண்டுபிடிப்பு, இன்னொரு பக்கம் வரிசை எண்களைப் பற்றிய ஒரு வழக்கு. யார் பக்கம் எல்லோரும் சாய்வார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பிழைகள் திருத்தப்பட்டுவிட்டன, முடிவு மாறவில்லை என்று மறுபடி மறுபடி சொல்லப்பட்டது. என் கருத்தில், மாணவர்கள் அடிக்கோடிட வேண்டிய வாக்கியம் இதுதான். உள்ளீடு தலைகீழாகியும் முடிவு மாறவில்லை என்றால், அந்த முடிவு உள்ளீட்டிலிருந்து வரவில்லை.

எடுத்த முடிவு: டிரயல் தொடங்கியது

2007இலிருந்து டியூக்கில் மூன்று கிளினிக்கல் டிரயல்கள், அதாவது நோயாளிகளிடம் நேரடியாகச் செய்து பார்க்கும் சோதனைகள், தொடங்கின. இரண்டு நுரையீரல் புற்றுநோய்க்கு, ஒன்று மார்பகப் புற்றுநோய்க்கு. கணிப்பு என்ன சொல்கிறதோ அதை வைத்து நோயாளிக்கு மருந்து தரப்பட்டது. மொத்தம் 117 பேர் சேர்ந்தார்கள்.

இந்த முடிவுக்குச் சொல்லப்பட்ட காரணத்தையும் பதிவு செய்ய வேண்டும். இரண்டு பக்கமும் தரப்படுவது ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள வழக்கமான மருந்துகள்தான், ஆகவே கணிப்பு தவறினாலும் நோயாளிக்கு வழக்கமான சிகிச்சைக்குக் குறைவாக எதுவும் கிடைக்காது என்பது வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கணிப்பு தலைகீழாக இருந்தால் இரண்டு வழக்கமான மருந்துகளில் அந்த நோயாளிக்கு ஒத்துவராத மருந்து வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கப்படும். தன் கட்டியின் ஜீனைப் பார்த்து மருந்து தருகிறார்கள் என்ற நம்பிக்கையில் கையெழுத்துப் போட்டவரிடம் அந்த வாய்ப்பு சொல்லப்படவில்லை. வேறு மருத்துவமனைக்குப் போகாமல் இங்கே வந்ததே அந்த நம்பிக்கையால்தான் என்று சில குடும்பங்கள் பின்னால் சொல்லின.

ஒரு மாணவரின் குறிப்பு

இதே காலத்தில் அந்த ஆய்வகத்துக்கு உள்ளேயே ஒரு மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவர் வேலை செய்துகொண்டிருந்தார். டியூக்கில் மூன்றாம் ஆண்டு ஆராய்ச்சிக்கு ஒதுக்கப்பட்டது. ஆராய்ச்சிக்கென்று ஒரு பெரிய அறக்கட்டளையின் உதவித்தொகையும் அவருக்குக் கிடைத்திருந்தது. பலர் ஏங்கும் இடம் அது. நேச்சர் மெடிசின் அளவுக்குக் கட்டுரை எழுதும் குழுவில் பெயர் வந்தால் அடுத்த பத்தாண்டுக்கு வழி திறந்துவிடும்.

2008இல் அவர் தன் ஐயங்களை எழுத்தில் வைத்தார். மாடலைச் சோதிக்கும் தரவிலிருந்து சில மாதிரிகள் காரணம் சொல்லாமல் விலக்கப்படுகின்றன, மாடல் நிலையாக இல்லை, சரிபார்ப்பு என்று சொல்லப்படுவது முறையான சரிபார்ப்பு இல்லை என்பவை அவற்றில் முக்கியமானவை. தன்னை யாரோ ஏமாற்றினார்கள் என்று அவர் எழுதவில்லை. முறை தவறு, அந்த முறையை வைத்து எடுக்கும் முடிவுகளை நம்ப முடியாது என்று வேலையைப் பற்றி மட்டும் எழுதினார்.

அடுத்து நடந்தவை, பிற்பாடு ஒரு வழக்கின் ஆவணங்கள் வழியாகத்தான் வெளியே தெரிந்தன. குறிப்பு ஆய்வகத் தலைவருக்கும் கல்லூரி நிர்வாகத்துக்கும் போனது. எல்லாவற்றையும் மறுபடி சரிபார்ப்போம் என்று ஆய்வகத்திலிருந்து உறுதி தரப்பட்டது. உதவித்தொகை தந்த அறக்கட்டளைக்கு இதை எழுத வேண்டாம் என்று மாணவருக்கு அறிவுரை சொல்லப்பட்டது. அவர் கட்டுரைகளிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொன்னார், ஆய்வகத்தை விட்டு வெளியேறினார், இன்னோர் ஆய்வகத்தில் ஆராய்ச்சி ஆண்டைத் திரும்பச் செய்தார். டிரயல்கள் தொடர்ந்தன.

இந்த இடத்தில் யாரும் கெட்ட எண்ணத்தோடு நடந்தார்கள் என்று வைத்துக்கொள்ளத் தேவையில்லை. மாணவரின் சந்தேகத்தை யாரிடம் கொடுத்துச் சரிபார்ப்பது என்று கேள்வி வந்தபோது, சந்தேகிக்கப்பட்ட ஆய்வகத்திடமே கொடுத்தார்கள். அந்த ஒரு முடிவு போதும், மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும். மாணவர் எழுதியதை ஆய்வகத்துக்கு வெளியே உள்ள ஒரு புள்ளியியலாளரிடம் மூலத் தரவோடு கொடுத்திருந்தால், ஹூஸ்டன் காரர்கள் வெளியிலிருந்து அரும்பாடுபட்டுக் கண்டுபிடித்ததை உள்ளிருந்து சில வாரங்களில் பார்த்திருக்க முடியும். வெளியில் இருந்தவர்களுக்கு இல்லாத ஒன்று மாணவருக்கு இருந்தது. அவர் கையில் மூலத் தரவு இருந்தது.

நிறுத்தியதும் மீண்டும் தொடங்கியதும்

ஹூஸ்டன் புள்ளியியலாளர்கள் தங்கள் முழு ஆய்வையும் 2009இல் புள்ளியியல் இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். நிரலையும் தரவையும் சேர்த்தே வெளியிட்டார்கள், வேண்டியவர்கள் இயக்கிப் பார்க்கலாம். தவறிப்போன கணக்கை மீதியிருக்கும் தடயங்களிலிருந்து திரும்பக் கட்டும் இந்த வேலைக்குத் தடயவியல் உயிர்த்தகவலியல் என்று பெயரும் வைத்தார்கள். கட்டுரை வந்த பிறகு டியூக் டிரயல்களை நிறுத்தியது. வெளியிலிருந்து இரண்டு நிபுணர்களை வைத்து மறுஆய்வு செய்தது.

மறுஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே குழு புதிய தரவை வெளியிட்டது. ஹூஸ்டன் காரர்கள் அதையும் பார்த்தார்கள். மாதிரிகளின் பெயர்களும் அவற்றின் அளவுகளும் பொருந்தவில்லை என்று டியூக் நிர்வாகத்துக்கு உடனே அறிக்கை அனுப்பினார்கள். அந்த அறிக்கை மறுஆய்வு செய்தவர்களின் கைக்குப் போகவில்லை. அவர்களுடைய சுதந்திரமான கருத்தை அது திசைதிருப்பிவிடும் என்று நிர்வாகம் எண்ணியதாகப் பின்னர் விளக்கம் தரப்பட்டது. நிபுணர்களோ தங்களுக்குக் கொடுக்கப்பட்ட தரவு சரி என்று எடுத்துக்கொண்டு, முறையைத்தான் சோதித்தார்கள். 2010 தொடக்கத்தில் டிரயல்கள் மறுபடி தொடங்கின.

இந்தப் பகுதியை நான் வகுப்பில் எப்போதும் நிறுத்தி நிதானமாகப் பேசுவேன். கொடுத்த தரவிலிருந்து இந்த விடை வருமா என்பது ஒரு கேள்வி. கொடுத்த தரவு நோயாளியின் கோப்பில் இருப்பதுதானா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு ஆம் என்று கிடைத்த பதிலை இரண்டாவதற்கும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். லேபிள் மாறிய தரவை எத்தனை நிபுணர்கள் இயக்கினாலும் அதே விடைதான் வரும்.

இதே சமயம் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் புள்ளியியலாளர் ஒருவர் வேறொரு வழியில் இதே குழுவின் நுரையீரல் கணிப்பைச் சோதித்துக்கொண்டிருந்தார். அவருக்கு நிரலும் தரவும் கேட்டு வாங்கும் அதிகாரம் இருந்தது. அவர் கண்டதில் ஒன்று எந்தப் பாடநூலிலும் இடம்பெற வேண்டியது. அதே மாதிரிகளைத் திரும்ப இயக்கினால் வேறு விடை வந்தது. இந்த முறையில் மெட்டாஜீனைக் கணக்கிடும்போது பயிற்சி மாதிரிகளோடு சோதனை மாதிரிகளும் சேர்ந்துகொள்கின்றன. அப்படியானால் ஒரு நோயாளிக்கான விடை, அன்றைக்கு அவரோடு சேர்த்து யார் யாருடைய கட்டிகள் இயக்கப்பட்டன என்பதையும் பொறுத்தது. ரத்தச் சர்க்கரை அளவு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பொறுத்து மாறினால் அதைப் பரிசோதனை என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

முடிவு

2010 ஜூலையில் தி கேன்சர் லெட்டர் என்ற செய்தி இதழ் இன்னொரு விஷயத்தை வெளியிட்டது. கணிப்பு ஆய்வின் முதன்மை ஆசிரியர் தன் விண்ணப்பங்களில் தான் ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கத் தரப்படும் புகழ்பெற்ற ரோட்ஸ் உதவித்தொகை பெற்றவர் என்று எழுதியிருந்தார், அது உண்மையில்லை. அதே மாதத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட புள்ளியியலாளர்கள் சேர்ந்து தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இயக்குநருக்குக் கடிதம் எழுதி, டிரயல்களை நிறுத்தச் சொன்னார்கள். டிரயல்கள் நின்றன, 2010 நவம்பரில் ஒரேயடியாக மூடப்பட்டன. அதே நவம்பரில் முதன்மை ஆசிரியர் பதவி விலகினார்.

மூன்று ஆண்டுகளாக அச்சில் இருந்த கணக்கால் நடக்காதது, சுயவிவரத்தில் இருந்த ஒரு பொய்யால் சில நாள்களில் நடந்தது. இது என்னை இன்றும் வருத்தும் விஷயம். கணக்கைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு, அதைப் படித்து முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்கள் அதைவிடக் குறைவு. இந்தத் துறைக்கு மாணவர்களைத் தயார் செய்யும்போது இதை நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது.

அதன்பின் ஆய்வகத் தலைவரே மூலத் தரவோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நோயாளிகளின் விவரங்கள் மூலத்தோடு பொருந்தவில்லை என்று கண்டு, கட்டுரைகளைத் திரும்பப் பெறச் சொன்னார். நேச்சர் மெடிசின் கட்டுரை 2011 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது, மற்றவையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. நோயாளிகளும் குடும்பங்களும் தொடுத்த வழக்கு 2015இல் சமரசத்தில் முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நேர்மை அலுவலகம் முதன்மை ஆசிரியர் தவறான தரவைச் சேர்த்திருக்கிறார் என்று தீர்ப்பளித்தது. அதில் ஒரு விவரம்: தாஸாட்டினிப் மருந்துக்கு 33 நோயாளிகளில் 6 பேருக்குப் பலன் கிடைத்ததாக நிதி விண்ணப்பத்தில் எழுதப்பட்டிருந்தது. உண்மையில் சேர்ந்தவர்கள் 4 பேர், ஒருவருக்கும் பலன் கிடைக்கவில்லை. அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஐந்தாண்டு மேற்பார்வைக்கு உடன்பட்டார்.

தேசிய அகாடமிகளின் கீழ் இயங்கிய மருத்துவ நிறுவனம் இந்த நிகழ்வை ஆராய்ந்து 2012இல் விரிவான அறிக்கை வெளியிட்டது. கணிப்பு முறையை நோயாளியிடம் கொண்டுபோவதற்கு முன் அதன் ஒவ்வொரு கணக்குப் படியையும் பூட்டிவிட வேண்டும், பூட்டிய பிறகு எதையும் மாற்றக் கூடாது, பூட்டிய அந்த வடிவத்தை முன்பு தொடாத தரவில் சோதிக்க வேண்டும், நிரலும் தரவும் வெளியில் கிடைக்க வேண்டும் என்பவை அதன் முக்கியப் பரிந்துரைகள். அந்த நிறுவனத்தின் குழு விசாரித்தபோது மாணவரின் 2008 குறிப்பு அவர்கள் முன் வைக்கப்படவில்லை. அது பொதுவெளிக்கு வந்தது 2015 ஜனவரியில்தான்.

வகுப்பிலும் ஆய்வகத்திலும் என்ன மாற வேண்டும்

நம் மாணவர்களில் பலர் இதே வகைத் தரவைத்தான் பொதுக் களஞ்சியங்களிலிருந்து இறக்கிப் பயிற்சி செய்கிறார்கள். இறக்கிய கோப்பு சுத்தமாக இருக்கும், லேபிள் சரியாக இருக்கும், செய்ய வேண்டியது எந்த அல்காரிதம் இரண்டு சதவீதம் கூடுதல் துல்லியம் தருகிறது என்று பார்ப்பது மட்டும்தான். மதிப்பெண்ணும் அதற்கே. இப்படிப் பழகியவருக்கு லேபிளைச் சந்தேகிக்கத் தோன்றாது.

நான் செய்வது இது. மாணவர்களுக்குக் கொடுக்கும் முதல் அட்டவணையில் சில லேபிள்களை மாற்றி, ஒரு சில மாதிரிகளை வேறு பெயரில் மறுபடி சேர்த்து, பெயர்ப் பட்டியலை ஒரு வரிசை தள்ளி வைத்துக் கொடுப்பேன். மாடல் எதுவும் கட்டக் கூடாது, இந்த அட்டவணையை நம்பலாமா என்று மட்டும் எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லா மாதிரிகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஒட்டுறவுக் கெழு (இரண்டு மாதிரிகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) பார்த்தால் இரட்டை மாதிரிகள் உடனே சிக்கிவிடும், இரண்டு வெவ்வேறு மனிதர்களின் கட்டிகள் கடைசித் தசமம் வரை ஒன்றாக இருக்க முடியாது. நோயாளியின் பாலினம் கோப்பில் இருந்தால் இன்னும் வசதி. எக்ஸிஸ்ட் என்ற ஜீன் பெண்களின் செல்களில் வேலை செய்யும், ஒய் குரோமோசோமில் இருக்கும் ஜீன்கள் ஆண்களிடம் மட்டும். இரண்டையும் ஒரு படமாக வரைந்தால் பெயர் மாறிய மாதிரிகள் எதிர்க் கூட்டத்தில் போய் நிற்கும். கட்டிகளில் இந்தக் குறியீடுகள் சில சமயம் தொலைந்துபோகும் என்பதால் ஒன்றிரண்டு முரண்பாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். பத்துக்கு மேல் வந்தால் வேலையை நிறுத்த வேண்டும். கட்டுப்படும் செல் லைன் எது, 0 எதைக் குறிக்கிறது என்பதையோ மூல அளவை ஒருமுறை கண்ணால் பார்த்தே உறுதி செய்ய வேண்டும், வேறு குறுக்குவழி இல்லை.

எக்செல்லில் ஜீன் பெயர்களைத் திறப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். செப்டின், மார்ச் வகை ஜீன்களின் பழைய சுருக்கப் பெயர்களை (SEPT1, MARCH1 போன்றவை) எக்செல் தேதியாக மாற்றிவிடும். பல ஆண்டுகளாகப் பலருடைய துணைக் கோப்புகளில் இது நடந்ததால், 2020இல் ஜீன் பெயர்களை நிர்வகிக்கும் குழு அந்த ஜீன்களின் பெயர்களையே மாற்றியது. கையால் நகலெடுத்து ஒட்டும் ஒவ்வொரு இடமும் வரிசை தள்ளிப்போகக் கூடிய இடம். மூலக் கோப்பிலிருந்து கடைசிப் படம் வரை ஒரே நிரல் செய்ய வேண்டும், வரிசை எண்ணை நம்பாமல் பெயரை வைத்தே கோப்புகளை இணைக்க வேண்டும். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அந்த நிரல் இல்லாவிட்டால் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

இவையெல்லாம் மாணவர் கையில் இருப்பவை. கல்லூரி கையில் இருப்பதைச் செய்வதுதான் கடினம். மாணவருக்கு ஒரு சந்தேகம் வந்தால், வழிகாட்டியைத் தாண்டி, அந்த ஆய்வகத்தோடு எந்தக் கட்டுரையிலும் பெயர் சேராத ஒரு புள்ளியியல் ஆசிரியரிடம் அதை எழுத்தில் கொடுக்க வழி இருக்க வேண்டும். அவருக்கு மூலத் தரவைக் கேட்டு வாங்கும் உரிமை இருக்க வேண்டும். மாணவரின் குறிப்பு யாரிடமெல்லாம் போனது, என்ன பதில் வந்தது என்பது கோப்பில் பதிவாக வேண்டும். அந்த ஆய்வு நோயாளிகளோடு சம்பந்தப்பட்டதாக இருந்தால் குறிப்பின் நகல் நெறிமுறைக் குழுவுக்கு அன்றே போக வேண்டும். வழிகாட்டியை மாற்றிக்கொள்ளும் மாணவருக்கு ஓராண்டு வீணாகாமல் உதவித்தொகை தொடர ஏற்பாடு இருக்க வேண்டும், இல்லையென்றால் எழுதத் துணிபவர் எத்தனை பேர் இருப்பார்கள்? டியூக் மாணவர் அந்த ஓராண்டைத் திரும்பப் படித்து முடித்தார், இப்போது புற்றுநோய் மருத்துவராகப் பணியாற்றுகிறார்.